தெருவில் மின்வாகனச் சார்ஜிங், சாலைப் பணி: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

நம் தெருவில் குழாய் பதித்து முடித்துப் புதுச்சாலை போடும் முன், வண்டி நிறுத்த உள்ளிடம் இல்லாத வீடுகளின் மின்வாகனச் சார்ஜிங் குறித்து முடிவெடுக்க, வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பிள்ளையார் கோவில் முன் கூடுகிறோம். உயர்ந்த திண்ணையும் படிகளும் உள்ள நம் வீடுகளில் வண்டி தெருவில்தான் நிற்கிறது. முகப்பிலிருந்து தெருவுக்கு இழுத்த வயரில் இருட்டில் முதியோர் இடறக்கூடும் என்பதே என் பெருங்கவலை.

1. வாய்க்காலுக்கு அடியில் வயர் செல்லப் பிவிசி குழாய் வேண்டுவோர், சனிக்கிழமைக்குள் வீட்டு எண்ணை இங்கே பதிவிடவும். காரைக்குடி மாநகராட்சியிடம் ஒரே மனுவாகக் கொடுப்போம். அனுமதியின்றி யாரும் தோண்ட வேண்டாம்.

2. எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இரண்டையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சரிபார்க்கவும். பழைய வயரிங்கில் எர்த் இல்லாமலே இருக்கலாம் என்பதால், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

3. பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும் வீட்டார், அங்கே சார்ஜ் செய்ய இயலுமா எனப் பார்க்கவும்.

4. பங்காளிகளுக்குப் பொதுவான வீடுகளுக்கு, வெளியூரில் இருப்போர் சம்மதத்தை எழுத்தில் அனுப்பவும்.

கூட்டத்திற்கு வருவோர் 'வருகிறேன்' எனப் பதிலிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.