ஆவணி முடிவதற்குள் குளக்கரை கட்டியாக வேண்டும்: கோயில்காட்டு நடைவழிக்கு நன்கொடை வேண்டுகோள்

அய்யனார் துணை

ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைப்புக்காக இருக்கும் நம் பிள்ளைகளுக்கும், அய்யனாரைக் குலதெய்வமாகக் கும்பிடும் எல்லாக் குடும்பங்களுக்கும் கோயில்காட்டுக் குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். மேல்குளத்துக் கரையையும் கோயில்காட்டு நடைவழியையும் சீர்செய்யும் வேலைக்குத் தேவை 14,60,000 ரூபாய். ஆடி 18 வரை கைக்கு வந்தது 9,12,500 ரூபாய். துண்டு விழுவது 5,47,500 ரூபாய். நமக்கு நாள் இருப்பது ஆவணி 31 வரை, அதாவது செப்டம்பர் 16 வரைதான். அதற்குள் மேல்குளத்துக் கரை உடைப்பை அடைத்து முடித்தால்தான் புதுமண் ஒரு மாதமாவது அமர்ந்து இறுகும். ஐப்பசி பிறந்தால் மழை வந்துவிடும். இறுகாத கரையில் அடைமழை விழுந்தால் போட்ட மண்ணும் போகும், உங்கள் பணமும் போகும்.

போன கார்த்திகையில் நடந்ததை உள்ளூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அப்படியே நின்றுவிட்டது. புதுச்சேரியில் மட்டும் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை. நம் விழுப்புரம் மாவட்டம் முழுக்க வெள்ளக்காடு. விடிவதற்குள் மேல்குளத்துக் கரை 38 அடி நீளத்துக்கு உடைத்துக்கொண்டது. அந்தத் தண்ணீர் நடைவழியை மூன்று இடங்களில் இடுப்பளவு ஆழத்துக்கு அரித்துக்கொண்டு போய், அல்லிக்குட்டையில் செம்மண்ணைக் கொட்டி, கோரைப்பள்ளத்தை மூடிவிட்டது. காட்டுக்குள் பத்தொன்பது மரங்கள் சாய்ந்தன. அன்றிலிருந்து கோயிலுக்கு வருகிறவர்கள் தார்ச்சாலை வழியாகச் சுற்றித்தான் வருகிறார்கள். பங்குனி உத்திரத்தன்று அரிப்பைத் தாண்டிப் போகப் பார்த்த கீழத்தெருப் பாட்டி ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்தார். இன்னும் எழுந்து நடக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கரை உடைந்தது புயலால் மட்டும் அன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த நடைவழியை மண் கொட்டி உயர்த்தியபோது, மேல்குளத்து உபரித் தண்ணீர் அல்லிக்குட்டைக்கு இறங்க ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. குளம் நிறைந்தால் உபரி நீர் வழியும் கலிங்கின் வாய்க்காலும் தூர்ந்து கிடந்தது. "தண்ணி போற பாதைய மறிக்காதீங்கடா, அது ஒருநாள் வந்து கேக்கும்" என்று பெரியவர்கள் அன்றைக்கே சொன்னார்கள். நாங்கள் காதில் வாங்கவில்லை. அந்தத் தவறு குழுவைச் சேர்ந்தது. இந்த முறை முதல் செலவே தண்ணீருக்கு வழிவிடுவதற்குத்தான்.

இந்தக் காடு நமக்கு எப்படி மிஞ்சியது என்பதை இளைய தலைமுறைக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விசாகப்பட்டினம் தொடங்கி இராமநாதபுரம் வரை கிழக்குக் கரை நெடுக ஒரு காலத்தில் இப்படிப்பட்ட காடு இருந்தது. உயரம் அதிகமில்லை, ஆனால் கோடையிலும் இலை உதிர்க்காது. வீரை, பாலை, காயா, கருங்காலி, இரும்பிலி, எட்டி என்று வயிரம் பாய்ந்த மரங்கள். விறகுக்கும் வயலுக்கும் முந்திரித் தோப்புக்கும் அது அழிந்து, இன்று மிஞ்சியிருக்கும் துண்டுகளில் பல, சாமிக்குப் பயந்து மனிதர்கள் கைவைக்காத கோயில்காடுகள்தாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தாரும் அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தாரும் இந்தக் கரையோரக் கோயில்காடுகளை நுழைந்து நுழைந்து ஆராய்ந்தது அதனால்தான். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு வெறும் பொட்டல். அங்கே இந்த மண்ணுக்குரிய மரங்களை மறுபடி வளர்க்க நினைத்தவர்கள் விதை தேடி வந்தது இந்தப் பக்கத்துக் கோயில்காடுகளுக்குத்தான்.

நம் காட்டுக்குள் அரிவாள் ஏறியதில்லை. தாது வருஷத்துப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, கஞ்சிக்கு வழியில்லாமல் ஊரே தவித்தபோதும் ஒரு சுள்ளிகூட வெளியே போகவில்லை என்று நம் பாட்டன்மார் சொல்லித்தான் வளர்ந்தோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் சுற்றிலும் முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்தன. காட்டின் நடுவில் இருக்கும் வீரை மரங்கள் கிளைதான் ஒடிந்தன, ஆள் சாயவில்லை. காயா பூத்திருக்கும்போது அதன் கீழே நின்றவர்களுக்குத் தெரியும்: கிளையை ஒட்டி நீலப்பொடி தூவினாற்போல் இருக்கும், தேனீ இரைச்சல் காதை அடைக்கும். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று ஏன் சொன்னார்கள் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரக்கூடாது.

தண்ணீர்க் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மேல்குளம் நிறைந்து அல்லிக்குட்டை, அங்கிருந்து கோரைப்பள்ளம், அப்புறம் கீழ்த்தாங்கல், கடைசியில் ஏரி ஏரியாக இறங்கிக் கழுவேலிக்குப் போய்ச் சேருகிறது. அந்தக் கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏறியது. உலகமே மதிக்கும் ஒரு நீர்நிலைக்கு நம் ஊர்க் குட்டையும் கைகொடுக்கிறது. சென்ற தையில் கோரைப்பள்ளத்தில் நீர் நிற்கவில்லை. இலைக்கோழி, முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி ஒன்றும் இறங்கவில்லை. கானாங்கோழி ஒரு ஜோடி மட்டும் வரப்பில் அலைந்துகொண்டிருந்தது.

இனி நடைவழி. கோயில் வாசலில் தொடங்கி, மண்குதிரைகளைத் தாண்டி, மேல்குளத்துக் கரைமேல் ஏறி, காட்டுக்குள் புகுந்து, அல்லிக்குட்டையைச் சுற்றி, கோரைப்பள்ளத்தைக் கடந்து மறுபடி கோயிலுக்கே வரும். மொத்தம் 2.3 கிலோமீட்டர், அகலம் ஐந்து அடி. ஏற்றம் என்று சொல்லும்படி எங்கும் இல்லை. தடி ஊன்றி நடப்பவரும், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவரும் நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்தில் சுற்றி வரலாம். அல்லிக்குட்டை வரை சக்கர நாற்காலியும் போகும்படி போடுகிறோம்.

இந்தப் பாதைக்கு பேவர் பிளாக் போட்டுத் தருவதாகவும், வாசலில் பெயர்ப்பலகை மட்டும் வேண்டும் என்றும் ஒருவர் முன்வந்தார். நல்ல மனதோடுதான் கேட்டார். நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். "சும்மா வந்ததை விட்டுட்டு எங்ககிட்ட கையேந்துறீங்களே" என்று சிலர் கோபப்பட்டதால் காரணத்தை இங்கேயே சொல்கிறோம். சிமெண்ட் போட்டால் மழைநீர் மண்ணில் இறங்காது, ஓரமாக ஓடி மறுபடி அரிக்கும். வேர் மூச்சு விட இடம் இருக்காது. இன்னொன்றும் உண்டு. புரட்டாசிக் கடைசியில் வடக்கேயிருந்து ஆறுமணிக்குருவி வரும். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கைப்பிடி அளவுதான் இருக்கும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரண்டு சுரத்தில் விசிலடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் பாதையோரச் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கும். ஒரு நாள் விடியலில் குழுவினர் நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எட்டடி தூரத்தில் ஒரு காய்ந்த பாலை இலையை அலகால் தூக்கி, அடியில் பார்த்து, மறுபடி வைத்தாற்போல் போட்டுவிட்டுத் தத்திப் போனது. சருகு இல்லாத பாதையில் அதற்கு என்ன வேலை? ஆகவே செம்மண்ணும் சரளையும் கலந்து நீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய பாதைதான் போடுகிறோம்.

செலவுக் கணக்கு இது. மேல்குளத்துக் கரை உடைப்பை அடைக்க 4,80,000 ரூபாய். பழைய கரையைப் படிபடியாக வெட்டி, நடுவில் களிமண் வைத்து, அரையடி அரையடியாக மண் போட்டு இடித்து ஏற்ற வேண்டும். ஜேசிபியால் ஒரே நாளில் தள்ளிவிட்டுப் போகும் வேலை இல்லை. கலிங்கைச் சீர்செய்து வாய்க்கால் தூர்வார 2,15,000. பாதைக்கு 3,90,000. பாதைக்கு அடியில் 14 இடங்களில் தண்ணீர் போக ஹியூம் பைப் (சிமெண்ட் குழாய்) பதிக்க, இடத்துக்கு 11,500 வீதம் 1,61,000. கோரைப்பள்ளத்தின் மேல் 140 அடி மர நடைமேடைக்கு அடிக்கு 1,100 வீதம் 1,54,000. எட்டு கருங்கல் பெஞ்சுகளுக்கு 60,000. நடைமேடைக்குப் பனைச்சட்டம் போடுகிறோம்; முற்றிய பனை ஈரத்துக்கு எளிதில் இற்றுப்போகாது. புயலில் சாய்ந்த பனைகளைத்தான் எடுக்கிறோம், நின்ற பனை ஒன்றையும் தொடவில்லை. காட்டில் விழுந்த பத்தொன்பது மரத்துக்கு ஒரு வியாபாரி 70,000 ரூபாய் விலை பேசினார். பெரியவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்: அது அய்யனார் சொத்து, கிடந்த இடத்திலேயே மண்ணாகட்டும்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சாய்ந்த பனைகளை ஒரு ரூபாய் வாங்காமல் கொடுத்த விவசாயிகள் பதினொரு பேர். காலனி இளைஞர்கள் மார்கழி முழுக்க, சம்பளம் வாங்காமல், குளத்தில் மண்டியிருந்த ஆகாயத்தாமரையையும் கரையோர வேலிக்காத்தானையும் அகற்றினார்கள். முள் குத்தாத கை ஒன்று அவர்களிடம் இல்லை. துபாயில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் நம் தம்பிகள் ஏழு பேர் ஆளுக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை அனுப்பினார்கள். சென்னையில் வீட்டுவேலை செய்யும் மேலத்தெரு அம்மா ஒருவர் மூன்று தவணையாக 5,000 ரூபாய் கொடுத்தார். ரசீது கேட்கவில்லை, விபூதி மட்டும் வாங்கிக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கோயில் திண்ணையில் கொட்டியபோது 3,471 ரூபாய் இருந்தது. அதை எண்ணி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. எண்ணிய கணக்குப்பிள்ளை ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் தொகையை எழுதினார்.

அடுத்துச் சொல்வது சிலருக்கு மனவருத்தம் தரலாம். பொங்கலுக்கு வந்தபோது அய்யனார் சந்நிதியில் நின்று, கற்பூரம் எரியும்போது, தொகை சொன்னவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லி இன்னும் வராத பணம் 1,86,000 ரூபாய். பெயர்களை நாங்கள் பலகையில் எழுதவில்லை, எழுதவும் மாட்டோம். அந்த வாக்கைக் காதில் வாங்கிய சாமி எது என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைக்கு முதல் முடி இறக்கியது இந்த இடத்தில், காது குத்தியது இந்த மரத்தடியில். வாசல்வரை கார் வந்து, குதிரைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறீர்கள். மொட்டையடித்த பிள்ளையைக் குளிப்பாட்டிய குளம் வறண்டு கிடப்பது கண்ணில் படவில்லையா? பத்து வயதுப் பிள்ளைகள் மிட்டாய்க் காசைக் கொடுத்துவிட்டார்கள் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறோம்.

அந்தத் தொகை முழுதும் வந்துவிட்டாலும் மேற்கொண்டு 3,61,500 ரூபாய் வேண்டும். பெருந்தொகையாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. 170 ரூபாய் கொடுத்தால் ஒரு மீட்டர் பாதை. 1,100 கொடுத்தால் நடைமேடையில் ஒரு அடி. நாலு குடும்பம் சேர்ந்தால் ஒரு பைப். பணம் இல்லாதவர்கள் ஒரு நாள் உடம்புழைப்பைக் கொடுங்கள். மண்வெட்டி நாங்கள் தருகிறோம், மதியம் சாப்பாடு கோயிலில். பாதை எல்லாத் தெருவுக்கும், எந்த ஊரிலிருந்து வருகிறவர்களுக்கும் பொது. கட்டணம் என்றைக்கும் கிடையாது.

ஞாயிறுதோறும் காலை 7 மணி முதல் 10 மணி வரை கோயில் திண்ணையில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்போம். வங்கிக் கணக்கு விவரம் ஊர் நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு வாரம் ஒருமுறை அதே பலகையில் எழுதப்படும். களிமண் ஏற்றிய முதல் டிராக்டர் ஆவணி 1 காலை மேல்குளத்துக்கு வருகிறது. அன்று ஆறு மணிக்குக் கரையில் தேங்காய் உடைத்து வேலை தொடங்குகிறோம். வரக்கூடியவர்கள் வாருங்கள், வரும்போது குடிதண்ணீர் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்.

இப்படிக்கு,
கோயில்காட்டுக் குழுவினர்