மூன்று மாதத்துக்கு ஒரு இடது கை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பாதிப் பக்கம் சான் டியேகோ பாட்ரேஸ் பேஸ்பால் அணியைத் திட்டியே தீர்ந்திருக்கிறது. 2025 ஜூலை 31 அன்று மேசன் மில்லர் என்கிற ஒரு ரிலீவருக்காக, அதாவது ஆட்டத்தின் பின்பாதியில் இறங்கும் மாற்றுப் பந்துவீச்சாளனுக்காக, லியோ டி வ்ரீஸைக் கொடுத்துவிட்டார்கள், 18 வயது ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் தடுப்பாளன்), "வயலை விற்று வைக்கோல் வாங்கின மாதிரி" என்று எழுதியிருக்கிறாய். வாசகம் நன்றாக இருக்கிறது, கணக்குதான் இடிக்கிறது. அந்த வியாபாரத்தில் மில்லரோடு ஜே.பி. சியர்ஸும் வந்தான் என்பதை விட்டுவிட்டாய். அது போகட்டும். மில்லர் 2029 சீசன் முடியும்வரை பாட்ரேஸின் கையில் இருக்கிறான் என்பதை எப்படி விட்டாய்? புல்பென், அதாவது ரிலீவர் வியாபாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது வேகம் அல்ல, இன்னும் எத்தனை அக்டோபர் (கோப்பைக்கான பிளேஆஃப் மாதம்) மிச்சமிருக்கிறது என்பதுதான்.

இதைச் சரியாகப் பார்க்க 2016-க்குப் போகலாம். ஒரே வாரத்தில் இரண்டு பெரிய ரிலீவர்கள் கைமாறினார்கள், இருவரையும் விற்றது நியூயார்க் யாங்கீஸ், வாங்கிய இரண்டு அணிகளும் கடைசியில் உலகத் தொடரில், கோப்பைக்கான இறுதித் தொடரில், நேருக்கு நேர் நின்றன. இப்படி ஒரு சோதனைச்சாலை இனி கிடைக்காது.

ஜூலை 25: சிகாகோ கப்ஸ் அரோல்டிஸ் சாப்மனை வாங்கியது. கொடுத்தது நான்கு பேர்: கிளேபர் டோரஸ், பில்லி மெக்கின்னி, ரஷாத் கிராஃபோர்ட், ஆடம் வாரன். இதில் வாரன் ஏற்கெனவே மேஜர் லீக் (உச்ச லீக்) பந்துவீச்சாளன். ஏழு மாதத்துக்கு முன்புதான் யாங்கீஸிலிருந்தே கப்ஸுக்கு வந்தவன். விலை என்றால் அது டோரஸ்தான். 19 வயது, ஹை-ஏ என்கிற பயிற்சி லீக் நிலையில் ஷார்ட்ஸ்டாப், 2013-இல் வெனிசுவேலாவிலிருந்து 17 லட்சம் டாலருக்குக் கையெழுத்தானவன்.

சாப்மனின் ஒப்பந்தமோ அந்த சீசனோடு முடிகிறது. அறுபது சொச்சம் ஆட்டங்களும் அக்டோபரும் மட்டும்தான் கப்ஸுக்கு. இன்னொரு நுணுக்கமும் உண்டு: சீசன் நடுவில் வாங்கிய ஆளுக்குக் குவாலிஃபையிங் ஆஃபர் (ஒப்பந்தம் முடிந்தவனுக்குப் பழைய அணி வைக்கும் ஒரு வருட அழைப்பு) வைக்க முடியாது. அதாவது அவன் குளிர்காலத்தில் வேறு அணிக்குப் போனால் ஈடாக டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில்) ஒரு இடம்கூடக் கிடைக்காது. முழுக்க முழுக்கச் செலவு. கிடைத்தது என்னவென்றால், சீசன் முடிவதற்குள் 26⅔ இன்னிங்ஸ், 16 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்தது), 1.01 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்), 46 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் எடுத்த அவுட்). ஒரு அணி ஒரு சீசனில் வீசுவது ஏறக்குறைய 1,450 இன்னிங்ஸ். அதில் 26 என்பது உப்புக்கல். ஆனால் அந்த 26-ம் ஒரு ரன், இரண்டு ரன் வித்தியாசத்தில் எட்டாவது ஒன்பதாவது இன்னிங்ஸில் விழுகிறவை. நம் ஊர்க் கணக்கில் டெத் ஓவர். அக்டோபரில் விகிதமே மாறிவிடும். நடுவில் ஓய்வுநாள்கள் வருவதால் நல்ல ரிலீவர் ஒருவனே ஆட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு இன்னிங்ஸ் வீசலாம்.

சரி, டோரஸை ஏன் கொடுத்தார்கள்? நீ கேட்பது தெரிகிறது. கப்ஸில் அப்போது ஷார்ட்ஸ்டாப்பில் அடிசன் ரஸ்ஸல், 22 வயது. இரண்டாம் பேஸுக்கு ஹாவியர் பாயஸ், 23 வயது. டோரஸ் மேலே வரும்போது அவன் நிற்க இடம் இல்லை. ஆள் தேங்கி நிற்கும் இடத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும், இல்லாத இடத்திலிருந்து பிடுங்கிக் கொடுத்தால் அடுத்த வருடமே வெளியே போய் வாங்க வேண்டிவரும். முழங்கால் தசைநார் கிழிந்து ஆடாமல் இருந்த கப்ஸ் பேட்டர் கைல் ஷ்வார்பரை யாங்கீஸ் கேட்டதாக அப்போது பேச்சு அடிபட்டது. கப்ஸின் ஆள் சேர்ப்பைப் பார்த்த தியோ எப்ஸ்டைன் அதற்கு அசையவில்லை. அந்த ஷ்வார்பர்தான் உலகத் தொடருக்குத் திரும்பிவந்து .412 சராசரியில் அடித்தான். வியாபாரத்தில் கொடுக்காமல் வைத்துக்கொண்டதுக்கும் ஒரு விலை போட வேண்டும்.

ஒவ்வொரு அணியும் வைத்திருக்கும் நாற்பது பேர் பட்டியலையும் மறக்காதே. 18 வயதிலோ அதற்கு முன்போ கையெழுத்திட்டவனை ஐந்தாவது ரூல் 5 டிராஃப்டுக்கு (பட்டியலில் இல்லாத மற்ற அணி இளைஞர்களை எடுக்கும் வருடாந்திரத் தேர்வு) முன் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நான்காவது. சேர்க்காவிட்டால் வேறு அணி இப்போதைய கணக்கில் 1,00,000 டாலர் கட்டித் தூக்கிப் போகலாம். தூக்கியவன் அடுத்த சீசன் முழுக்க அவனை மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் தடை. பட்டியலில் இடமில்லாத அணிக்கு நவம்பரில் எப்படியும் இரண்டு மூன்று பேர் கைநழுவுவார்கள். ஜூலையில் அவர்களைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது புத்திசாலித்தனம். நீ "இன்னும் நாலு பேரையும் சேர்த்துக் கொடுத்தார்கள்" என்று அதிர்ச்சியாகும் வியாபாரங்களில் பாதி இந்தக் கணக்குதான். தலைப்பில் வரும் ஒரு பெயரைத் தவிர மற்றவர்கள் சுமை இறக்கம்.

சாப்மனைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டில் லீக் அவனை அந்த சீசன் ஆரம்பத்தில் 30 ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்தது, வழக்குப் பதிவாகவில்லை. அந்தச் செய்தி வெளிவந்ததும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவனை வாங்கப் பேசி முடித்திருந்த வியாபாரம் உடைந்தது, 2015 டிசம்பரில் யாங்கீஸ் அவனைச் சின்சினாட்டியிடம் மலிவாக வாங்கியது. அந்த மலிவு விலையில் வாங்கி ஏழு மாதத்தில் டோரஸாக மாற்றியது. யாங்கீஸ் பொது மேலாளர் பிரையன் கேஷ்மனின் கணக்கு கச்சிதம், ஒத்துக்கொள்கிறேன். ரசிக்க மனம் வரவில்லை.

அந்த வாரக் கடைசியிலேயே கிளீவ்லண்ட் ஆண்ட்ரூ மில்லரை (இவன் வேறு மில்லர்) வாங்கியது. கொடுத்தது கிளின்ட் ஃபிரேசியர், ஜஸ்டஸ் ஷெஃபீல்ட், பென் ஹெல்லர், ஜே.பி. ஃபையரைசன். ஃபிரேசியர் 2013 டிராஃப்டில் ஐந்தாவது ஆள், ஷெஃபீல்ட் முதல் சுற்று இடதுகைக்காரன். கணக்கில் இது சாப்மன் விலையைவிடக் கனம். ஆனால் ஆண்ட்ரூ மில்லரின் நான்கு வருட, 3.6 கோடி டாலர் ஒப்பந்தம் 2018 வரை ஓடியது. மூன்று அக்டோபர். 2016 அக்டோபரில் மட்டுமே அவன் 19⅓ இன்னிங்ஸ் வீசி 30 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தான், லீக் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரன் பரிசும் வாங்கினான். பயிற்சியாளர் டெர்ரி ஃபிரான்கோனா அவனை ஒன்பதாவது இன்னிங்ஸுக்குப் பூட்டி வைக்காமல் ஐந்தாவதிலேயே இறக்கியதுதான் காரணம். கிளீவ்லண்ட் கொடுத்த நால்வரில் யார் தேறினான்? ஃபிரேசியருக்கு 2018-இல் தலையில் அடி, 2021 நவம்பரில் யாங்கீஸே விடுவித்துவிட்டது. ஷெஃபீல்ட் ஜேம்ஸ் பாக்ஸ்டனுக்காக சியாட்டிலுக்குக் கைமாறினான், அங்கே நிலைக்கவில்லை. கனமான விலை கொடுத்தவன் தப்பித்தான், பார்த்தாயா.

அதே வாரக் கடைசியில் கிளீவ்லண்ட், கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) ஜொனாதன் லூக்ராயையும் வாங்கப் பேசி முடித்திருந்தது. அவன் ஒப்பந்தத்தில் சில அணிகளுக்குப் போக மறுக்கும் உரிமை இருந்தது, மறுத்துவிட்டான். இளைஞர் பட்டியல் தயார், மருத்துவ அறிக்கை தயார், கடைசியில் ஒரு ஷரத்து.

மருத்துவ அறிக்கை என்றதும் உன் பாட்ரேஸ் ஞாபகம் வருகிறது. 2016 ஜூலையில் பாட்ரேஸ் பொது மேலாளர் ஏ.ஜே. பிரெல்லர் டிரூ பாமரன்ஸ் என்ற பந்துவீச்சாளனை பாஸ்டனுக்குக் கொடுத்து, ஆண்டர்சன் எஸ்பினோசா என்ற 18 வயதுப் பந்துவீச்சாளனை வாங்கினார். பாமரன்ஸின் சிகிச்சை விவரங்களை முழுசாகக் காட்டவில்லை என்று லீக் அவரை 30 நாள் இடைநீக்கம் செய்தது. வாங்குகிறவன் அறிக்கையில் தேட வேண்டியது எம்.ஆர்.ஐ. படம் மட்டுமல்ல. என்ன மாத்திரை, எத்தனை நாள், பிசியோ மேசையில் எவ்வளவு நேரம் என்கிற தினசரிக் குறிப்பில்தான் விஷயம் இருக்கும். வாங்கின பையன் கதை? எஸ்பினோசாவுக்கு முழங்கையில் இரண்டு முறை டாமி ஜான் அறுவை (தசைநார் மாற்று). 18 வயதுத் தோள்களை நாம் பொன் மாதிரி எடை போடுகிறோம், அதில் பாதி கண்ணாடி. அதனால்தான் இளைஞனைக் கேட்கும் அணி முடிந்தவரை ஷார்ட்ஸ்டாப்பைக் கேட்கிறது, பந்துவீச்சாளனை அல்ல. ஷார்ட்ஸ்டாப் தவறினால் இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று நகரலாம். பந்துவீச்சாளன் தவறினால் நகர இடமில்லை.

ரிலீவரை எடை போடுவதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஜூலை கடைசியில் அவன் கணக்கில் 40 இன்னிங்ஸ்தான் இருக்கும். 40 இன்னிங்ஸ் ஈ.ஆர்.ஏ. என்பது காற்றடித்த பக்கம். பேஸில் ஆள் இருக்கும்போது இரண்டு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அதிகம் போனால் 2.00 ஏறக்குறைய மூன்றாகிவிடும். ஸ்ட்ரைக் அவுட் சதவீதத்திலிருந்து வாக் (நாலு தப்புப் பந்து வீசி பேட்டருக்குச் சும்மா முதல் பேஸ் கொடுப்பது) சதவீதத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும், அது கொஞ்சம் சீக்கிரம் நிலைக்கும். மாதாமாதம் வேகம் இறங்குகிறதா, அடுத்தடுத்த நாள் வீசும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 2020-இலிருந்து ஒரு பந்துவீச்சாளன் குறைந்தது மூன்று பேருக்காவது வீச வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டதால், இடதுகை பேட்டருக்கு மட்டும் இறங்கும் ஆளுக்கு அந்த விலை போகாது.

இப்போது சாப்மன் என்ன ஆனான் என்று பார். உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் கப்ஸ் பயிற்சியாளர் ஜோ மேடன் அவனை ஏழாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். 42 பந்து, எட்டு அவுட். தோற்றிருந்தால் தொடரே முடிந்திருக்கும், அதனால் அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆறாவது ஆட்டத்தில் 7-2 முன்னிலையிலும் இறக்கினார். 20 பந்து. மறுநாள் ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், பேஸில் ஒருவன், கப்ஸ் 6-3 முன்னிலை. கிளீவ்லண்டின் பிராண்டன் கையர் டபுள் (இரண்டு பேஸ் அடி) அடித்தான், ரஜாய் டேவிஸ் இடப்பக்கச் சுவருக்கு மேலே அனுப்பினான், 6-6. அந்தப் பந்து மணிக்கு 100 மைலை (161 கிலோமீட்டர்) தொடவில்லை. 2010-இல் மணிக்கு 169 கிலோமீட்டர் வீசிய கை அது. அன்றும் 35 பந்து வீசினான், மூன்று ஆட்டத்தில் 97. வாங்கின சரக்கில் பழுதில்லை, ஓட்டின விதத்தில்தான் சூடேறியது. அப்படியும் களைத்த கையோடு ஒன்பதாவதை ரன் இல்லாமல் முடித்தான். அதுவும் அந்த விலைக்குள்தான் சேர்த்தி.

மழையில் 17 நிமிடம் நின்று, பத்தாவதில் கப்ஸுக்கு 8-7. கடைசி அவுட்டை எடுத்தது யார்? மைக் மாண்ட்கோமரி. சாப்மன் வருவதற்கு ஐந்து நாள் முன்பு, ஜூலை 20 அன்று, சியாட்டிலிடமிருந்து சத்தமில்லாமல் வந்தவன். வாழ்க்கையில் அவன் எடுத்த முதல் சேவ் அது. விலை டேன் வோகல்பாக், பால் பிளாக்பர்ன். வோகல்பாக் முதல் பேஸ் மட்டும் ஆடத் தெரிந்தவன், கப்ஸில் அங்கே ஆன்டனி ரிஸ்ஸோ நிற்கிறான், கப்ஸ் ஆடும் நேஷனல் லீகில் அப்போது டி.ஹெச். (பந்துவீச்சாளனுக்குப் பதில் பேட் மட்டும் பிடிப்பவன்) கிடையாது. கப்ஸுக்குச் செல்லாக் காசு, சியாட்டிலுக்குச் செல்லும் காசு. மாண்ட்கோமரியோ பல வருடக் கட்டுப்பாட்டோடு வந்தான். இதையும் இலவசம் என்று நினைத்துவிடாதே. வோகல்பாக் 2019-இல், பிளாக்பர்ன் 2022-இல், ஆளுக்கு ஒருமுறை ஆல்-ஸ்டார் ஆனார்கள். இருந்தும் நல்ல வியாபாரம் என்றால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வரும்.

அந்த டிசம்பரில் சாப்மன் ஐந்து வருடம், 8.6 கோடி டாலருக்கு யாங்கீஸுக்கே திரும்பிப் போனான். டோரஸ் 2018-இல் மேலே வந்தான், அந்த வருடமும் அடுத்த வருடமும் ஆல்-ஸ்டார், 2019-இல் 38 ஹோம் ரன். யாங்கீஸ் பையனையும் வைத்துக்கொண்டது, ஆளையும் திரும்ப வாங்கியது. கப்ஸுக்கு 1908-க்குப் பிறகு முதல் கோப்பை. யார் ஏமாந்தார்கள் என்று நீ சொல்.

நீ பயப்படும் கதையும் உண்டு, 1990 ஆகஸ்ட் 30. பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரிலீவர் லாரி ஆண்டர்சனுக்காக ஜெஃப் பாக்வெல் என்ற இளைஞனை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. ஆண்டர்சன் 22 இன்னிங்ஸ், 1.23 ஈ.ஆர்.ஏ. குறையே சொல்ல முடியாது. பாஸ்டன் பிரிவை வென்று, ஓக்லண்டிடம் நான்கு-பூஜ்யம் என்று தோற்று, ஆண்டர்சனும் போய்விட்டான். பாக்வெல் 449 ஹோம் ரன்னோடு ஹால் ஆஃப் ஃபேம் போனான். அங்கேயும் தேக்கம் இருந்தது, மூன்றாம் பேஸில் வேட் பாக்ஸ். தப்பு எங்கே என்றால், அந்தப் பையனை முதல் பேஸுக்கு நகர்த்திப் பார்க்க பாஸ்டனுக்குத் தோன்றவில்லை, ஹூஸ்டனுக்குத் தோன்றியது. 1997-இல் சியாட்டில் ஹீத்கிளிஃப் ஸ்லோகம்புக்காக டெரெக் லோவையும் ஜேசன் வேரிடெக்கையும் கொடுத்ததை இதோடு சேர்க்கிறார்கள். அது வேறு ரகம்: வாங்கின ரிலீவரே அந்த வருடம் சரியாக வீசிக்கொண்டிருக்கவில்லை. பதற்றத்தில் வாங்கினது.

டி வ்ரீஸ் பெரிய ஆளாகவே வரட்டும், அப்போதும் மேசன் மில்லர் வியாபாரத்தை நான் பாஸ்டன் 1990 பக்கம் வைக்க மாட்டேன், கிளீவ்லண்ட் 2016 பக்கம்தான் வைப்பேன். முதல் அக்டோபர் பலிக்கவில்லை. பாட்ரேஸ் பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்டு கார்டிலேயே மூன்றாவது ஆட்டத்தில் கப்ஸிடம் தோற்றது. இன்னும் நான்கு இருக்கின்றன, நடுவில் முழங்கை தாங்கினால்.

பதில் எழுதும்போது இதற்கு மட்டும் நேராகச் சொல். 2016 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், ஐந்து ரன் முன்னிலை, இரண்டு பேர் பேஸில், இரண்டு அவுட். மாண்ட்கோமரி ஏற்கெனவே வீசியாகிவிட்டது. பெட்ரோ ஸ்ட்ராப், ஹெக்டர் ரோண்டன், கார்ல் எட்வர்ட்ஸ் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடன் இடத்தில் நீ இருந்தால் யாரைக் கூப்பிட்டிருப்பாய்?

அன்புடன்,
பாலு