ஹிப்-ஹாப் பேட்டி சேனல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் ஹிப்-ஹாப் பேட்டி சேனல்கள் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். பத்துப் பன்னிரண்டு வருடமாக உங்கள் வீடியோக்களைப் பார்க்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே பேட்டியின் பதினேழாவது துண்டிலிருந்து பதினெட்டாவது துண்டுக்குத் தாவியிருக்கிறேன். எனவே நான் வெளியில் நின்று கல் எறிகிறவன் இல்லை. நீங்கள் சம்பாதித்ததில் என் ராத்திரிகளும் இருக்கின்றன.

போன மாதம் ஒரு பேட்டியைப் பாதியில் நிறுத்தினேன். சிகாகோவின் தெற்குப் பகுதியிலிருந்து வந்த ஒரு ராப்பர். கழுத்தில் கனத்த சங்கிலி, கையில் பிளாஸ்டிக் கப். பேச்சுவாக்கில் ஒரு பெயரைச் சொல்லி, உதட்டைக் குவித்துப் புகை விடுவதுபோல ஊதிக் காட்டினார். தொகுப்பாளர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, புரியாதவர்களுக்காக விளக்கமும் தந்தார்: அந்தச் சொல்லுக்குக் கஞ்சா என்று அர்த்தமாம். அடுத்த நொடியே ஒரு மொபைல் கேம் விளம்பரம்.

அந்தச் சொல் ஒரு பையனின் பட்டப்பெயர். 2011 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவனுக்கு 15 வயது. அவனைச் சுருட்டிப் புகைக்கிறோம் என்று எதிர்க் கோஷ்டிக்காரர்கள் கேலி பேச ஆரம்பித்தார்கள். கேலி பாட்டானது, பாட்டு ஊர் ஊராகப் போனது, கடைசியில் கஞ்சாவுக்கே அது இன்னொரு பெயராகிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு காலேஜ் பையன் பைக் கழுவிக்கொண்டே அதைப் பாடக் கேட்டிருக்கிறேன். அவனுக்கு அது தாளத்துக்கு விழுகிற ஒரு சத்தம், அவ்வளவுதான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்தத் தொகுப்பாளருக்கு அது யாருடைய பெயர் என்று நன்றாகத் தெரியும். அதை நான் இந்த மடலில் எழுதப்போவதில்லை.

கொலை செய்தவர்களைப் பேட்டியே எடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஊரிலும் இந்தச் சண்டை நடந்து முடிந்திருக்கிறது. சென்னை திருவான்மியூரில் ஆட்டோ சங்கர் என்று ஒருவன் இருந்தான். ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை பெற்று, 1995-ல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். சிறையில் இருந்தபடியே அவன் எழுதிய சுயசரிதையை வெளியிடப்போவதாக நக்கீரன் பத்திரிகை அறிவித்ததும் சிறைத்துறை மிரட்டியது. வழக்கு டெல்லி வரை போனது. வெளிவரும் முன்பே ஒரு எழுத்தைத் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் நாட்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 'சன் ஆஃப் சாம்' என்று பேர் எடுத்த தொடர் கொலைகாரன் பிடிபட்ட 1977-ல், குற்றவாளி தன் கதையை விற்றுக் காசு பார்க்கக் கூடாது என்று நியூயார்க்கில் சட்டம் போட்டார்கள். 1991-ல் உங்கள் உச்ச நீதிமன்றம் அது பேச்சுரிமைக்கு விரோதம் என்று ரத்து செய்தது. பிறகு வேறு வடிவத்தில் மறுபடியும் கொண்டுவந்தார்கள், அது தனிக் கதை. இரண்டு தீர்ப்புமே சரி என்பதுதான் என் கட்சி.

ஆனால் ஒன்று. ஆட்டோ சங்கரைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததையெல்லாம் சிறுவயதில் சலூனில் முடிவெட்டக் காத்திருந்த நேரத்தில் படித்தவன் நான். முறை வந்தபோதுகூட எழுந்திருக்க மனமில்லாமல் அடுத்தவரை அனுப்பியிருக்கிறேன். அவன் ஓட்டிய ஆட்டோ, கட்டிய வீடு, சிறையிலிருந்து தப்பியது எல்லாம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. கொல்லப்பட்ட ஆறு பேரில் ஒருவர் பெயராவது சொல் என்று கேட்டால் முழிக்கிறேன். சட்டம் அனுமதித்த ஒரு கதை இதைத்தான் எனக்குள் விட்டுப்போயிருக்கிறது.

உலகப் புகழ்பெற்ற அமெரிக்க ராப்பர் டூபாக் ஷகுரின் கொலை விஷயத்துக்கு வருவோம். அவர் பெயரை யாரும் மறக்கப்போவதில்லை, அது அவருடைய அதிர்ஷ்டம். 1996 செப்டம்பர் 7 இரவு, லாஸ் வேகஸில் மைக் டைசனின் குத்துச்சண்டையைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவரின் காரை ஒட்டி ஒரு வெள்ளை கேடிலாக் வந்து நின்றது. அதிலிருந்து சுட்டார்கள். ஆறு நாள் கழித்து, 25 வயதில் இறந்தார். அந்த கேடிலாக்கில் நான்கு பேர் இருந்ததாகச் சொன்னவர் டுவேன் 'கீஃபி டி' டேவிஸ். தானும் அதில் ஒருவன் என்றார். மற்ற மூவரும் இப்போது உயிரோடு இல்லை.

இந்த டேவிஸ் 2008 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸிடம் பேசியிருக்கிறார். அங்கே சொன்னதை அவருக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்று ஒப்பந்தம் இருந்தது. அப்புறம் 2018-லிருந்து டிவி, புத்தகம், யூட்யூப் என்று ஒரு சுற்று வந்தார். கேமராவுக்கு முன்னால் அப்படி ஒரு ஒப்பந்தம் கிடையாதே! தூங்கிக்கிடந்த வழக்கு மறுபடி உயிர்பெற்றதற்கு அவர் ஊடகங்களில் பேசியதுதான் காரணம் என்று லாஸ் வேகஸ் போலீஸே சொன்னது. 2023 செப்டம்பர் 29 அன்று கைது செய்தார்கள். குற்றத்தை அவர் மறுத்திருக்கிறார். பணத்துக்காகவும் பேருக்காகவும் அளந்துவிட்ட கதைகள் அவை என்பது அவர் தரப்பு வாதம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சரி, தவளையை விடுங்கள். மழை பெய்ய வைத்தவர்கள் யார்? அவர் தரப்பு சொல்வது உண்மையென்றால், செத்துப்போன மூன்று பேர் தலையில் பழி விழுகிற ஒரு கட்டுக்கதையை நீங்கள் துண்டு துண்டாக விற்றிருக்கிறீர்கள். அந்த மூவரில் ஒருவர் அவருடைய அக்காள் தங்கை பிள்ளை ஆர்லாண்டோ ஆண்டர்சன். கொலையில் தனக்குத் தொடர்பில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 1998-லேயே வேறொரு துப்பாக்கிச் சண்டையில் இறந்துபோனார். திரும்ப வந்து மறுக்க முடியாது. பேட்டியில் சொன்னது உண்மையென்றாலோ, ஒரு கொலை வாக்குமூலத்தை இடையிடையே விளம்பரம் போட்டு ஓட்டியிருக்கிறீர்கள். நாங்கள் பேச வைக்காவிட்டால் கைதே நடந்திருக்காது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் பார்த்த பேட்டிகளில் கேள்விகள் அந்தத் திசையில் போகவில்லை. எந்த சீட், யார் கையில் துப்பாக்கி, முதலில் கை நீட்டியது யார் என்றுதான் போயின. டூபாக்கின் அம்மா அஃபேனி ஷகுர் 2016-ல், இந்தக் கைதைப் பார்க்காமலேயே காலமானார். அவரைப் பற்றி ஒரு கேள்வி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

காசு யாருக்குப் போகிறது என்று நீங்கள் கேட்காததை ஒரு நீதிபதி கேட்டார். 2024-ல் ஒரு இசைத்துறை மேலாளர் 7,50,000 டாலர் ஜாமீனுக்குப் பொறுப்பேற்று டேவிஸை வெளியே எடுக்க முன்வந்தார். அதற்குப் பின்னால் அவருடைய கதையை விற்கும் ஏற்பாடு இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஜாமீன் மறுக்கப்பட்டது.

இன்னும் மோசமானது 'பதில் பேட்டி'. இந்த வாரம் ஒருவரை உட்காரவைத்து எதிரியைப் பற்றிப் பேசவிடுகிறீர்கள். அடுத்த வாரம் எதிரியை அழைத்து, முதல் கிளிப்பைப் போட்டுக்காட்டி, முகத்தை குளோசப்பில் பிடிக்கிறீர்கள். எங்கள் ஊரில் இதைச் சிண்டு முடிவது என்போம். 2020 ஆகஸ்ட் 4 அன்று எஃப்பிஜி டக் என்ற ராப்பரை சிகாகோவின் ஓக் தெருவில், பட்டப்பகலில், ஒரு விலையுயர்ந்த துணிக்கடை வாசலில் சுட்டுக் கொன்றார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் எதிர்த் தரப்பின் செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கேலிசெய்து ஒரு பாட்டு வெளியிட்டிருந்தார். 2024 ஜனவரியில் ஆறு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. பேட்டிகள்தான் அவரைக் கொன்றன என்று நான் சொல்லமாட்டேன், அதற்கு ஆதாரம் என்னிடம் இல்லை. ஆனால் அந்தப் பகையின் வரைபடம், யார் எந்தப் பக்கம், யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் சென்னையில் உட்கார்ந்திருக்கும் எனக்கே மனப்பாடமாகத் தெரியும். அது உங்களால்தான்.

பாட்டு என்றால் கலை என்று ஒரு காப்பு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2022-ல் அதற்குச் சட்டமே வந்துவிட்டது, ராப் வரிகளை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டுவது இனி அத்தனை சுலபமில்லை. நல்ல சட்டம். பேட்டிக்கு அந்தப் போர்வை கிடையாது. உங்கள் நாற்காலியில் உட்காரும் இருபது வயதுப் பையனுக்கு இது தெரியுமா? வக்கீலைக் கேட்டுவிட்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்களா?

இந்த வேலையைக் கௌரவமாகச் செய்ய முடியாது என்றும் இல்லை. சிகாகோவில் ஸாக் டிவி என்ற யூட்யூப் சேனலை நடத்திய ஸாக்கரி ஸ்டோனர் கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருக்களுக்கே போனவர். வேறு எந்த டிவியும் எட்டிப்பார்க்காத பையன்களை அவர்கள் வீட்டு வாசலிலேயே நிற்கவைத்துப் பேசவைத்தார். 2018 மே மாதம், 30 வயதில், அவரையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். உங்களில் பலர் குளிரூட்டிய ஸ்டுடியோவை விட்டு வெளியே வராதவர்கள். பகை கிளம்பினால் அது வேறு யார் வீட்டு வாசலிலோ போய்த்தான் நிற்கும்.

பதினேழு வயதில் ஒரு கொலை செய்து, இருபது வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர்களும் உங்கள் சேனல்களில் பேசியிருக்கிறார்கள். அப்படி ஒருவர், செத்தவனின் பெயரைச் சொல்லும்போது குரல் உள்ளே போய், மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடியதைப் பார்த்திருக்கிறேன். நாற்பது நிமிடப் பேட்டி. வியூஸ் குறைவுதான். அதை நான் இரண்டு முறை பார்த்தேன்.

எனவே பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கொலையைப் பற்றிப் பேசவருகிறவருக்குப் பணம் தராதீர்கள். வெளியிடும் முன் செத்தவரின் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் அதையும் வீடியோவில் சொல்லுங்கள். நடந்துகொண்டிருக்கும் பகையில் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி உட்காரவைக்காதீர்கள். அப்புறம், அடுத்த முறை ஒரு விருந்தினர் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிப் புகை விட்டுக் காட்டினால், சிரிக்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பையனின் முழுப்பெயர் என்ன? பதில் வர எத்தனை நொடி ஆனாலும் அதை எடிட் செய்யாமல் அப்படியே விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சப்ஸ்கிரைபர் ஒருவர்
சென்னை