கலப்பை மாட்ட எத்தனை பேர் வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புது டிராக்டர் வந்தால் எத்தனை குதிரைத்திறன், எத்தனை கியர், டீசல் எவ்வளவு குடிக்கும் என்றெல்லாம் எழுதுகிறீர்கள், சரி. பின்னால் ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) ஒரே ஆள் மாட்ட முடியுமா என்று ஒரு வரியாவது எழுதக் கூடாதா?

கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று தண்டுகளால் கருவியை டிராக்டரின் பின்னால் பூட்டுகிற மூன்று முனை இணைப்பு, பொறியாளர் ஹாரி பெர்குசனுடையது, 1939-ல் ஃபோர்டு டிராக்டரில் வந்தது. அன்றைய சின்னக் கலப்பையை ஆளே கொஞ்சம் நகர்த்தி மாட்டிவிடலாம். இன்று 6 அடி ரோட்டவேட்டர் சுமார் 400 கிலோ இருக்கிறது, அதைக் கையால் தள்ளி லோயர் லிங்க் (கீழ்த் தண்டு) நுனியில் உள்ள துளையிட்ட குண்டுக்குள் கருவியின் பின்னை நுழைக்க வேண்டும், அரை அங்குலம் விலகினாலும் கடப்பாரைதான். தரை சமமாக இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இடது பக்கத்தை முதலில் மாட்டிவிட்டு, உயரத்தைக் கைப்பிடியால் கூட்டிக் குறைக்க முடிகிற வலது பக்கத்தைப் பிறகு மாட்டி, டாப் லிங்க்கை (மேல் தண்டு) கடைசியில் வைத்தால் பாதிப் போராட்டம் குறையும், ஆனால் மீதிப் பாதிக்கு வழி சொல்ல வேண்டியது கம்பெனிக்காரர்கள்தான். லோயர் லிங்க் நுனி இழுத்தால் நீளும்படி இருந்தால் போதும், பின்னை மாட்டிவிட்டு வண்டியை மெல்லப் பின்னால் எடுத்தால் அதுவாகவே உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். பின்னைக் கவ்விக்கொள்ளும் கொக்கி நுனியும் உண்டு. பின்சக்கர மட்கார்டில், தண்டுகளைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் பட்டன் இருந்தால் கீழே நின்றபடியே ஏற்றி இறக்கலாம். இவையெல்லாம் பெரிய வண்டிகளில் எப்போதோ வந்துவிட்டன, சின்ன வண்டிக்காரனுக்கு மட்டும் ஏன் இடுப்பு வலி?

கருவியைச் சட்டென்று மாட்ட உதவும் குயிக் ஹிட்ச் என்ற இரும்புச் சட்டகம் தனியாகவும் கிடைக்கிறது, நல்ல பொருள்தான். ஆனால் கருவி சுமார் 4 அங்குலம் பின்னுக்குப் போகும், அதனால் இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பிடிஓ ஷாஃப்ட் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும், தூக்கும் திறனும் கொஞ்சம் குறையும். விற்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. ஷாஃப்ட்டை எப்படியும் கையால்தான் மாட்ட வேண்டும், அதுவும் இன்ஜினை அணைத்துவிட்டு.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். வண்டி பின்னால் வரும்போது "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வண்டிக்கும் கருவிக்கும் நடுவில் ஒருவர் நின்று கை காட்டுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. ஓட்டுபவரின் கால் கிளட்சிலிருந்து வழுக்கினால் அவருக்கு ஒதுங்க இடமே இல்லை.

அடுத்த முறை ஒரு டிராக்டரைப் பற்றி எழுதும்போது, ஒரே ஆளை விட்டு ரோட்டவேட்டரை மாட்டச் சொல்லி, எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குதிரைத்திறனுக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டிராக்டர் ஓட்டுநர்