அப்பாரு மேசையை எடுக்க வரும்போது

கண்ணு,

போனில் சொன்னால் பாதியிலேயே ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதி அனுப்புகிறேன், முழுசாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை வந்து, உங்க அப்பாவைப் பெற்ற அப்பாரு மேசையை எடுத்துப் போகிறேன் என்றாய், சந்தோசம். ‘டெம்போ எல்லாம் எதுக்கு, கார்லயே போட்டுக்கறேன்’ என்று நீ சொன்னதிலிருந்து எனக்கும் உங்க அப்பாவுக்கும் மூன்று நாளாக வாக்குவாதம். மேலே கேரியரில் கவிழ்த்துப் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினால் பெங்களூர் என்ன, டெல்லிக்கே போகும் என்கிறார். அவர் கயிறு கட்டும் லட்சணம் எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும். அந்தியூரிலிருந்து சீர் பீரோ வந்தது வேன் பின்னால். வைக்கோலைப் பரப்பி, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கோ இறுக்கென்று இறுக்கியிருந்தார். கயிறு பாலிஷைத் தின்றுவிட்டது, அந்தத் தடம் இன்னும் இருக்கிறது, போய்ப் பார். தடப்பள்ளி வாய்க்கால் பாலத்து மேட்டில் வண்டி ஒரு குதி குதித்ததில் கண்ணாடி மூலையிலிருந்து விரிசல் விட்டது. சீர்க் கண்ணாடி உடைந்துவிட்டதே என்று, என்னைப் பெற்ற உங்க அமுச்சி ஒரு வாரம் சாப்பிடவில்லை. கயிறு அவிழவே இல்லை தெரியுமா, உங்க அப்பா இன்றைக்கும் அதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்.

அதனால் மேலே வேண்டாம். எவ்வளவு எடை ஏற்றலாம் என்று காரோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருப்பான், அது ஒரு பக்கம். மேசைப் பலகை அகலமானது, பைபாஸில் வேகமாகப் போனால் காற்று அடியில் புகுந்து தூக்கும். டிக்கியைத் திறந்தபடி கட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். புகை முழுக்கக் காருக்குள் வரும், மயக்கம் வருவதே தெரியாது. பொருள் அனுமதித்த அளவுக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு போனால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 20,000 ரூபாய் அபராதம் வேறு. அந்தக் காசுக்குப் புது மேசையே வாங்கிவிடலாம், என்ன, அது தேக்காக இருக்காது.

உள்ளே நுழையுமா என்பதுதான் கேள்வி. காருக்குள் உயரம் தாராளமாக இருக்கிறது என்று நீ சொன்னாய். உள்ளே இருந்து என்ன பிரயோசனம், வாய் வழியாகத்தானே போக வேண்டும்! எதிர்வீட்டுப் பையனும் உன் கார் மாதிரியேதான் வைத்திருக்கிறான், நேற்று டிக்கியைத் திறக்கச் சொல்லித் தையல் டேப்பை வைத்து அளந்தேன். திறப்பின் உயரம் 27 அங்குலம், அகலம் 40. பின் சீட்டை மடக்கினால் நீளம் 55 வருகிறது. நம் மேசை 48 நீளம், 24 அகலம், 30 உயரம். நிமிர்த்தி வைத்தாலும் கவிழ்த்து வைத்தாலும் 30, ஆகவே போகாது. உங்க அப்பா நம்பவில்லை, 30 அங்குலத்துக்கு ஒரு சோளத்தட்டை வெட்டி நிமிர்த்தி நுழைத்துக் காட்டிய பிறகுதான் வாயை மூடினார். ஆனால் பக்கவாட்டில் சாய்த்தால் 24 தான் உயரம், 30 குறுக்கே போய்விடும், சுகமாக நுழைகிறது. நீ வந்ததும் உன் காரிலும் ஒரு தடவை அளந்துவிட்டுத்தான் மேசையைத் தூக்க வேண்டும், வாசலில் வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது.

காலைக் கழற்றிவிடலாமே என்று உன் வீட்டு அம்மணி கேட்டாளாம். அது ஸ்க்ரூ போட்டது இல்லை கண்ணு, மரத்துக்குள் மரத்தைச் செருகி வஜ்ஜிரப் பசை போட்டு அடித்தது, கழற்றினால் உடைத்ததாகத்தான் அர்த்தம். போன வருசம் வீடு மாறும்போது நீ கொண்டுபோன அந்தத் துகள் பலகை அலமாரி நேர் எதிர், அதைப் பிரித்து எடுத்துப் போயிருக்க வேண்டும், நீ மாட்டியபடியே ஏற்றினாய். வழியெல்லாம் ஆடி ஆடித் திருகு இருந்த ஓட்டை சத்துமாவாகக் கொட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? பழைய தேக்குக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் வஜ்ஜிரம் காய்ந்து எத்தனையோ வருசம் ஆகியிருக்கும், காலைத் தரையில் தரதரவென்று இழுத்தால் மூட்டு விட்டுப் போகும். மேல் பலகையின் விளிம்பைப் பிடித்தும் தூக்காதே. அடிச் சட்டத்தில் கை கொடுத்து இரண்டு பேர் தூக்க வேண்டும்.

இழுப்பறை இரண்டையும் முதலில் உருவிவிடு. எது இடது எது வலது என்று பின்னால் சாக்பீஸில் எழுதி வைக்கிறேன், மாற்றிப் போட்டால் சிக்கும், அப்பாரு காலத்திலேயே அப்படித்தான். பால் சொசைட்டிக் கணக்கு நோட்டு இன்னும் உள்ளே இருக்கிறது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பபுள் ஷீட் வாங்கி வருகிறேன் என்றாயே, அதை நேரே பாலிஷ் மேல் சுற்றாதே. வெயிலில் மூடின காருக்குள் சூடு ஏறினால் புள்ளி புள்ளியாகத் தடம் விழுந்துவிடும். டேப்பும் ஒட்டாதே, உரித்தால் பாலிஷோடு வரும். முதலில் துணி, அதன் மேல் எதை வேண்டுமானாலும் சுற்று. நம் பவானி ஜமுக்காளத்தை எடுத்து வைத்திருக்கிறேன், பெரியது. மூலை நான்குக்கும் திருப்பூரிலிருந்து பனியன் வேஸ்ட் ஒரு பை வந்திருக்கிறது, உருண்டையாகச் சுற்றிக் கட்டிவிடலாம்.

மேல் பலகை காரின் பக்கவாட்டைப் பார்த்து நிற்கட்டும், கால்கள் குறுக்கே இருக்கும். முன் சீட்டின் முதுகோடு ஒட்டித் தள்ளி வை, இடைவெளி விட்டால் பிரேக் போடும்போது மேசை உன்மேல்தான் வரும். கால்களுக்கு நடுவே இலவம்பஞ்சுத் தலையணை இரண்டைத் திணித்தால் ஆடாது. காலின் நுனியில் கயிறு போடாதே, கால் சட்டத்தோடு சேரும் இடத்தில் போடு. மறுமுனையைச் சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பில் கட்டு, பிளாஸ்டிக் பிடியில் இல்லை. நாடாக் கயிறு நல்லது, அகலமாக அழுத்தும். மேலே எதையும் சும்மா வைக்காதே, தேங்காய் மூட்டை உட்பட.

பின் சீட்டை மடக்கிவிட்டால் உட்கார இடம் இல்லை. அதனால் பாப்பாவை இந்தத் தடவை கூட்டி வராதே. அவளைப் பார்த்து இரண்டு மாசம் ஆகிறது, இருந்தாலும் சொல்கிறேன். மேசைக்குப் பக்கத்தில் குழந்தையைத் திணித்துக்கொண்டு போகாதே.

திம்பம் மலைப்பாதை வழியாகப் போகலாம் என்று நினைப்பாய், தெரியும். 27 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் மேசை ஒரு பக்கம் சாயும். பேசாமல் கவுந்தப்பாடி, பவானி, சேலம் என்று பைபாஸைப் பிடி. கவுந்தப்பாடியில் நிறுத்தி நாட்டுச் சர்க்கரை இரண்டு கிலோ வாங்கு, அப்படியே கயிற்றையும் தொட்டுப் பார். துணி அமுங்கி லேசாகத் தளர்ந்திருக்கும், இறுக்கிக்கொள். தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது பாரம் பின்னால் சாயும், டிக்கிக் கதவில் மேசை நேரே இடிக்காமல் ஒரு போர்வையை மடித்துக் கொடு.

ஜமுக்காளம் உங்க அப்பாவைப் பெற்ற ஆத்தாளுடையது, அடுத்த தடவை வரும்போது மறக்காமல் கொண்டு வா. பாப்பாவையும்.

அம்மா