கொறங்காட்டை அழிப்பதைக் கட்டுப்படுத்த ஒரு விதி வேண்டும்: தமிழ்நாடு அரசுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர், சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத் துறை
செயலாளர், வேளாண்மை - உழவர் நலத் துறை
தமிழ்நாடு அரசு, சென்னை

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் எனக்குப் பன்னிரண்டு ஏக்கர் புன்செய் நிலம் இருக்கிறது. அதில் எட்டு ஏக்கரை என் பாட்டனார் விட்டுச் சென்றபடியே இன்றும் கொறங்காடாக, அதாவது உயிர்வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலமாக, வைத்திருக்கிறேன். சென்ற சித்திரையில் என் கிழக்கு வேலிக்கு அப்பால் இருந்த காட்டை இரண்டு ஜேசிபி இயந்திரங்கள் மூன்றே நாளில் வழித்தெடுத்தன. என் தந்தையாரின் வயதை ஒத்த வெள்வேல் மரங்கள் வேரோடு சாய்ந்தன. கிளுவை வேலி குவியலாகி எரிந்தது. இதற்கு யாரிடமாவது அனுமதி பெற வேண்டுமா என்று வருவாய் அலுவலகத்தில் விசாரித்தேன். வேண்டியதில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி சரியே. நிலத்தை விற்ற பங்காளியையும் நான் குறை சொல்லவில்லை. மகளின் திருமணக் கடனுக்கு வேறு வழி அவருக்கு இல்லை. விதி என்று ஒன்று இல்லாததைப் பற்றித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கொறங்காட்டைக் கண்டிராதவர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசன வாய்க்காலும் கீழ்பவானி வாய்க்காலும் எட்டாத, ஆண்டு மழை சராசரியாக 600 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்கிற மேட்டு நிலத்தில், பயிரை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று அறிந்த கொங்கு நாட்டு உழவர்கள் தலைமுறை தலைமுறையாக உருவாக்கி வைத்த மேய்ச்சல் நிலம் அது. சுற்றிலும் கிளுவைப் போத்துகளை நெருக்கி நட்டு வளர்த்த உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், புல்லுக்கு இடையே தானாக முளைக்கும் பயறுவகைப் பூண்டுகள், ஆங்காங்கே வெள்வேலும் வேம்பும் ஊஞ்சையும். படலைச் சாத்திவிட்டால் ஆடுமாடுகளை மேய்க்க ஆள் வேண்டாம். ஒரு காடு மேய்ந்து தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவோம். புல் காய்ந்து போகும் கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடுகளைக் காப்பாற்றும். காயைத் தின்ற ஆடு விதையைப் புழுக்கையோடு பரப்பும். காங்கயம் மாடு உருவானது இந்தக் காடுகளில்தான். ஆகவே இது மனிதன் தொடாத வனமும் அன்று, வெறும் விளைநிலமும் அன்று. அரசின் பதிவேடுகளில் இதற்கு இடம் கிடைக்காமல் போனதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

வேலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதலில் அழிவது அதுதான். முப்பது நாற்பது ஆண்டுகள் வளர்ந்த கிளுவை வேலி ஓர் ஆள் அகலத்துக்கு அடர்ந்து நிற்கும். அதன் அடியில் கீரியும் உடும்பும் முயலும் தங்கும். மேலே செம்போத்தும் சிலம்பனும் கூடு கட்டும். காடு விட்டுக் காடு நடக்கும் குள்ளநரிக்கு அதன் நிழலே வழித்தடம். உள்ளே புல்தரையில் கௌதாரியும் காடையும் ஆட்காட்டியும் வெறும் நிலத்தில் முட்டையிடுகின்றன. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பூனைப்பருந்துகள் இந்தப் புல்வெளிகளின் மேல்தான் தாழப் பறந்து இரை தேடுகின்றன. வேலியைப் பிடுங்கிக் கல்தூண் நட்டுக் கம்பி கட்டினால் எல்லை அப்படியே இருக்கும். இவற்றில் ஒன்றும் இருக்காது.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் பெரும்பரப்புக் காடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் மலைகளோடு நின்றுவிடுகிறது. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். ஆயினும் அது பனைக்கு மட்டுமே. மேய்க்கால் புறம்போக்கு அரசு நிலமாதலால் அதை ஆக்கிரமிப்பவரிடம் கேள்வி கேட்கலாம். பட்டா நிலத்தில் உள்ள மேய்ச்சல் காட்டுக்கு அந்தக் காவலும் கிடையாது. ஊரின் நில, பயிர்க் கணக்கான அடங்கலில் அது பல ஊர்களில் 'தரிசு' என்றே எழுதப்படுகிறது. நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுப்பும் புதர் நிலங்களைத் தரிசுக் கணக்கில்தான் சேர்க்கிறது. தரிசு என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதில் எதைக் கட்டினாலும் முன்னேற்றம் என்றே தோன்றும்.

ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூன் மாதம் வேளாண் நிலங்களில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. சவுக்கும் மலைவேம்பும் தேக்கும் நட்டு வளர்த்த உழவர் அவற்றை வெட்டி விற்க அலையக் கூடாது என்ற அதன் நோக்கத்தை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனால் அந்த விதிகள் நட்ட மரத்தை மட்டுமே அறியும். எந்த இனம், எப்போது நட்டது, எத்தனை என்று பதியச் சொல்கின்றன. ஆட்டுப் புழுக்கையிலிருந்து முளைத்த வெள்வேலுக்கு நட்ட நாள் ஏது? புல்லுக்கும் வேலிக்கும் அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. தமிழ்நாடு இந்த மாதிரியை ஒட்டித் தன் விதிகளை வகுக்குமானால், மரத்தை எண்ணும் விதியாக மட்டும் அது முடிந்துவிடக் கூடாது என்பதே என் முதன்மையான வேண்டுகோள்.

இதைக் கேட்கும்போதே எனக்கு ஓர் அச்சமும் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்வது என் கடமை. 'கொறங்காட்டை அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது' என்று ஒரு வதந்தி எழுந்தால் போதும், விதி வருவதற்கு முன்பே பாதிக் காடுகள் உழப்பட்டுவிடும். பட்டா நிலத்தில் வனத் துறையின் பெயர் படிந்தால் விலை விழும் என்று அஞ்சுவதற்கு எங்கள் மக்களிடம் நியாயம் இருக்கிறது. ஆகையால் விதியின் முதல் பிரிவே உரிமையை உறுதிசெய்வதாக இருக்க வேண்டும். மேய்ப்பதற்கும், கிளை கழிப்பதற்கும், வேலியைத் திருத்துவதற்கும், புல் நலிந்த காட்டை உழுது சோளம் விதைத்து மீண்டும் புல்லுக்கு விடுவதற்கும், கிணறோ குடியிருக்க வீடோ அமைப்பதற்கும் அனுமதி வேண்டியதில்லை என்று அது தெளிவாகச் சொல்ல வேண்டும். சீமைக்கருவேலத்தை அகற்றவும் தடை இருக்கக் கூடாது. ஆனால் அந்தப் பணியின் பெயரால் அருகே நிற்கும் வெள்வேலையும் சேர்த்துப் பிடுங்குவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எந்த முள்மரம் எது என்று தெரிந்த ஒருவர் உடன் நின்று குறியிட்ட பிறகே இயந்திரம் இறங்க வேண்டும்.

அனுமதி தேவைப்பட வேண்டியது நிலையான மாற்றத்துக்குத்தான்: மனைப்பிரிவு, ஆலை, கிடங்கு, சூரிய மின் நிலையம், காட்டை முழுதும் அழித்துப் போடும் தோப்பு. எவ்வளவு பரப்புக்கு மேல் என்பதை ஊர் ஊராகக் கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு ஏக்கர் என்று தொடங்கலாம் என்பது என் கருத்து. விண்ணப்பத்துக்கு முப்பது நாளில் விடை தர வேண்டும். அனுமதி வழங்கினாலும் எல்லைக் கிளுவை வேலியும், நிலத்தில் ஒரு பங்குப் புல்தரையும் நிலைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இட வேண்டும். எது கொறங்காடு என்பதை, விதி வெளியாகும் நாளின் நிலையைக் கொண்டு தீர்மானிக்காமல், சில ஆண்டுகளுக்கு முந்தைய செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு தீர்மானித்தால், அவசர அழிப்பினால் எவருக்கும் ஆதாயம் இராது.

இவை புதுமையான கருத்துகள் அல்ல. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பண்ணை நிலத்தில் உள்ள இயல் தாவரங்களை அகற்றுவதற்கான நெறிமுறை 2018ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. சில வகை அகற்றலுக்கு ஈடாக நிலத்தின் ஒரு பகுதியைப் பாதுகாப்பாக ஒதுக்கிப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதில் ஓர் ஏற்பாடு. ஆயினும் விதிகளைத் தளர்த்திய வேகத்தில் அங்கே அகற்றலுக்கான அனுமதிகள் பன்மடங்கு பெருகின என்று அம்மாநில அரசின் இயற்கை வள ஆணையமே ஆய்ந்து எச்சரித்தது. ஒதுக்கு நிலம் என்ற கருத்தை எடுத்துக்கொள்ளலாம். கண்காணிப்பு இல்லாத அனுமதியை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சூரிய மின் நிலையங்களைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும். காற்றாலைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்; தூய மின்சாரத்தை எதிர்ப்பவர்கள் அல்லர். ஆனால் சூரிய மின் நிலையத்துக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவையில்லை. மாசுக் கட்டுப்பாட்டில் அது, மாசு மிகக் குறைந்த தொழில்களுக்கான வெள்ளைப் பிரிவைச் சேர்ந்தது. புகை வராது என்பதால் மண்ணில் என்ன இருந்தது என்று கேட்பவர் இல்லை. விலை மலிவாகக் கிடைக்கும் 'தரிசு' என்ற அந்த ஒரே சொல்லை நம்பி முதலீட்டாளர்கள் எங்கள் பக்கம் வருகிறார்கள். தகடுகளை உயர்த்தி அமைத்து, கீழே புல்லை விட்டு, செம்மறி ஆடுகளை மேயவிட்டு, வேலியைக் காத்து மின்சாரம் எடுப்பது இயலாத காரியம் அன்று. அதை நிபந்தனையாக்கும் துணிவு அரசுக்கு வேண்டும்.

பணம் இல்லாமல் இவை எதுவும் நிலைக்காது. பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் கீழ்ப் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த நாற்றுகளுக்குச் செலவிடும் அரசு, ஏற்கெனவே நிற்கும் புல்வெளியைக் காத்து வைத்திருப்பவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஒரு தொகை தருவது முறையாகும். அதே இயக்கத்தின் பெயரால் கொறங்காட்டில் நெருக்கமாக மரம் நட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நிழல் மூடினால் புல் சாகும். கடவூரில் தேவாங்குக்கும் நஞ்சராயன் குளத்தில் பறவைகளுக்கும் 2022இல் சரணாலயம் அறிவித்த அரசு இது. அங்கே எல்லை வரைந்து காத்தது சரி. இங்கே நிலம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுடையது. மேய்ப்பவர் வெளியேறினால் காடும் போய்விடும்.

ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. அதை முன்னிட்டு இரண்டு வேலைகளை உடனே தொடங்கலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. முதலாவது, காங்கயம், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டங்களின் அடங்கலில் 'கொறங்காடு' என்ற பெயரிலேயே நிலத்தைப் பதிய உத்தரவிடுவது. இரண்டாவது, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஊராட்சிகளில் இருக்க வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களைக் கொண்டு, எந்தக் காட்டில் என்ன புல், என்ன மரம், எவ்வளவு நீள வேலி என்று மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதச் செய்வது.

வரைவு விதிகளைச் சென்னையில் எழுதி முடித்துவிட்டுக் கருத்துக் கேட்க வராதீர்கள். ஐப்பசி மழைக்குப் பின், புல் முழங்கால் உயரம் நிற்கும் நாட்களில், அலுவலர்களை எங்கள் ஊர்களுக்கு அனுப்புங்கள். கூட்டத்தை மண்டபத்தில் வைக்க வேண்டாம். என் காட்டு வேம்பின் அடியில் ஐம்பது பேர் உட்காரலாம். ஆடு வைத்திருப்பவர்களையும், நிலத்தை விற்றவர்களையும், விற்க நினைப்பவர்களையும் நானே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காங்கயம் பகுதிக் கொறங்காட்டு உழவர் ஒருவர்