மண்டப வாசலில் தடுப்பூசி அட்டை கேட்பது குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையில் கொரோனாத் தடுப்பூசியை முழுமையாக ஏற்றிக்கொள்ளாதவர்கள் 2022 ஏப்ரல் 30 முதல் பொது இடங்களுக்குள் நுழையக் கூடாது என்று சுகாதார அமைச்சர் கடந்த ஜனவரி 25 அன்று வர்த்தமானியில் வெளியிட்ட ஒழுங்குவிதி பற்றித் தங்கள் பத்திரிகையில் இரு தரப்பாரும் எழுதிவருவதை வாசித்துவருகிறேன். மருத்துவர்கள் எழுதினார்கள், சட்டத்தரணிகள் எழுதினார்கள். அந்த விதி நடைமுறைக்கு வரும் நாளில் வாசலில் நின்று அட்டையைக் கேட்க வேண்டியவர்கள் எவரும் எழுதியதாக நான் காணவில்லை. வடக்கில் வன்னிப் பகுதியின் வவுனிக்குளத்தின் கீழ் உள்ள ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபத்துக்கு நான் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் ஊரின் கல்யாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி, கமக்காரர் அமைப்பின் கூட்டம் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. ஆகவே இந்த விதி என் கையில்தான் வந்து விழப்போகிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இரண்டு சைனோபாம் ஊசிகளையும் கடந்த மாதம் மூன்றாவதாக ஒரு பைசர் ஊசியையும் ஏற்றிக்கொண்டவன். டெல்டா வகைக் கொரோனா பரவி நாட்டில் ஒரே நாளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்த கடந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் என் மூத்த அண்ணரை இழந்தேன். வேலை முடியட்டும், அடுத்த கிழமை போடலாம் என்று ஊசியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவர் அவர். மூடிய பெட்டியைத் தூரத்தில் நின்றுதான் கும்பிட்டோம். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. நாட்டில் 15,000 பேருக்கு மேல் இந்த நோய்க்குப் பலியாகியிருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலானோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். எனவே ஊசி வேண்டாம் என்று பிரசாரம் செய்பவர்களோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஊசி வேண்டும், ஒவ்வொருவருக்கும் வேண்டும். வாசலில் அட்டை கேட்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

வர்த்தமானி வந்த பிறகு எங்கள் மண்டப நிர்வாகசபை கூடி, சட்டம் வருமுன்னே பழகிக்கொள்வது நல்லது என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்கு நானும் கையை உயர்த்தினேன். அதன்படி இந்தத் தை மாதக் கடைசியில் நடந்த ஒரு திருமணத்தின்போது வாசலில் ஒரு மேசை போட்டு, சனசமூக நிலைய இளைஞர்கள் இருவரை உட்காரவைத்து, உள்ளே வருபவர்களின் தடுப்பூசி அட்டையைப் பார்க்கச் சொன்னோம். முதல் அரை மணித்தியாலம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிறகு பக்கத்து ஊரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பம்மா முறையான ஒரு தாய் வந்தார். "அட்டையைக் காட்டுங்கோ அம்மம்மா" என்று இளைஞர்களில் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

அந்தத் தாய் தோளில் கிடந்த துணிப்பையை இறக்கி, அதற்குள்ளிருந்த பொலித்தீன் பையின் முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி, கிளினிக் கொப்பி, போர் முடிந்தபோது எங்களை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, காணாமற்போன மகனைப் பற்றி அவர் கொடுத்த முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு. தடுப்பூசி அட்டை கடைசியாக வந்தது, நாலாக மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. அதில் முதலாவது ஊசியின் திகதி மாத்திரமே இருந்தது. இரண்டாவது ஊசிக்குரிய நாளில் அவருக்குக் காய்ச்சல். அதற்குப் பிறகு கூட்டிப்போக ஆளில்லை. இளைஞர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்கு முன்பே அந்தத் தாய், "பரவாயில்லை தம்பி, நான் வெளியில இருக்கிறன்" என்று சொல்லி, எல்லாவற்றையும் அதே ஒழுங்கில் பைக்குள் அடுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். கெட்டிமேளம் கேட்டபோது அங்கிருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். சாப்பாட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. தடுத்தவுடன் விலகி நிற்க அவர் அவ்வளவு பழகியிருந்தார் என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

வெளியூர் வாசகர்கள் இதனை ஒரு கிழவியின் மனவருத்தமாக மட்டும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வன்னியில் நாற்பது வயதைத் தாண்டிய எவரும் தங்கள் வாழ்நாளின் பாதியை ஏதோ ஒரு வாசலில் ஏதோ ஒரு கடதாசியை நீட்டியபடியே கழித்தவர்கள். போர்க்காலத்தில் வன்னியை விட்டு வெளியே போக வேண்டுமானால் புலிகளிடம் ஆள் பிணை வைத்துப் பாஸ் எடுக்க வேண்டும், அதைக் கொண்டு வன்னியின் வாசலாக இருந்த ஓமந்தைச் சாவடிக்குப் போனால் அங்கே இராணுவத்தின் பதிவும் சோதனையும் காத்திருக்கும். 2009இல் போர் முடிந்தபோது முகாம்களின் முட்கம்பிக்குள் அடைபட்டவர்கள் அந்த ஆண்டு டிசம்பர் வரை வாசலைத் தாண்ட முடியவில்லை. ஓமந்தைச் சாவடி 2015இல்தான் அகற்றப்பட்டது. கொரோனா வந்தபோதும் தனிமைப்படுத்தல் முகாம்கள் எங்களுக்குக் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமிலும் பம்பைமடு இராணுவ முகாமிலும்தான் தெரிந்தன. தடுப்பூசி அட்டை இல்லாமல் பொது இடங்களுக்குப் போக முடியாது என்று கடந்த ஆகஸ்டில் முதன்முதலாக அறிவித்தவர் கொவிட் தடுப்புச் செயலணியின் தலைவரான இராணுவத் தளபதி சவேந்திர சில்வா ஆவார். செப்டெம்பர் 15 என்று நாளும் குறிக்கப்பட்ட அந்த அறிவிப்பு அப்போது நடைமுறைக்கு வரவில்லை. இறுதிப் போரில் 58ஆம் படைப்பிரிவை வன்னிக்கூடாக நடத்திவந்தவர் அவரே. விதி முழு நாட்டுக்கும் பொதுவானது, எங்களைக் குறிவைத்துப் போடப்பட்டதென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே வார்த்தை தெற்கே காலி நகரில் ஒரு பொருளிலும் முல்லைத்தீவில் வேறொரு பொருளிலும் கேட்கும் என்பதை விதி எழுதுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஊசியைப் பற்றிய பயமும் அப்படித்தான். புனர்வாழ்வு முகாம்களில் முன்னாள் போராளிகளுக்கு விஷ ஊசி ஏற்றப்பட்டதென்ற குற்றச்சாட்டு 2016இல் வடக்கு மாகாண சபை வரை போனது. அது நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கப்படாத சந்தேகமும் ஒரு வீட்டுக்குள் புகுந்துவிட்டால் எளிதில் வெளியேறாது. திருமணம் முடிந்த மறுவாரம் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் சிலருடன் சேர்ந்து ஊசி போடாதவர்களின் வீடுகளுக்குப் போனேன். உடம்பில் ஷெல் துண்டுகளோடு வாழும் ஒருவர், ஊசி ஏற்றினால் அந்தத் துண்டுகள் நகருமோ என்று அஞ்சிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தம் பெயரை எந்தப் பட்டியலிலும் பதிய விரும்பவில்லை என்றார். அதற்கான காரணத்தைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மற்றவர்கள் காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ் என்றுள்ள இடத்தில் அரிவுவெட்டுக் காலத்தில் ஒரு நாட்கூலியை இழந்து போக முடியாதவர்கள். கொள்கை பேசி ஊசியை மறுத்தவர் எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. வாசலில் அட்டை கேட்டால் வெளியே நிற்கப்போகிறவர்கள் இவர்கள்தான்.

இனி நோயைப் பற்றிய பக்கத்துக்கு வருகிறேன், ஏனெனில் இந்த விதியை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் அங்கேதான் இருக்கிறது. ஊசி போட்டவர் தொற்றிக்கொள்வதும் தொற்றவைப்பதும் குறைவு, ஆகவே மூடிய மண்டபத்துக்குள் அவர்களை மட்டும் அனுமதித்தால் மற்றவர்கள் காப்பாற்றப்படுவார்கள் என்பது அந்த வாதம். டெல்டா காலம்வரை அதில் நியாயம் இருந்தது. கடந்த நவம்பரில் ஒமிக்ரோன் என்ற புதிய வகை வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இரண்டு ஊசி போட்டவர்களுக்கும் தொற்றுகிறது, அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கும் பரவுகிறது. ஊசி இன்றும் உறுதியாகக் காப்பது ஆளைக் கடுமையான நோயிலிருந்தும் சாவிலிருந்தும். அதுவே போதுமான காரணம், அதற்காகவே எல்லோரும் போட வேண்டும். ஆனால் தன் உயிரைக் காக்கும் ஊசியை ஒருவர் போடவில்லை என்பதற்காக அவரைப் பேரனின் கல்யாணத்துக்கு வெளியே நிறுத்துவதற்குப் பொதுச் சுகாதாரத்தில் எஞ்சியிருக்கும் நியாயம் மிகச் சிறியது. முழுமையான தடுப்பூசி என்பது இரண்டா மூன்றா என்ற கேள்விக்கும் வாசலில் நிற்கும் இளைஞர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

ஐரோப்பாவைப் பாருங்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பார்க்கத்தான் வேண்டும். கடந்த ஜூலையில் பிரான்ஸ் ஜனாதிபதி, ஊசி போட்டதையோ பரிசோதனை முடிவையோ காட்டும் சுகாதாரப் பாஸை உணவகங்களுக்கும் விரிவாக்கப்போவதாக அறிவித்ததும் சில நாட்களுக்குள் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் ஊசிக்கு முன்பதிவு செய்தார்கள். கட்டாயம் பலன் தரும் என்பதற்கு அது உண்மையான சாட்சி, அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அங்கே தெருவுக்குத் தெரு மருந்தகத்தில் ஊசி கிடைத்தது. பரிசோதனையும் ஒக்டோபர் நடுப்பகுதி வரை எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. பாரிஸின் லா சப்பலில் கடை வைத்திருக்கும் என் மைத்துனரின் மகன் காலையில் அன்டிஜன் பரிசோதனை செய்து, மத்தியானம் கைத்தொலைபேசியைக் காட்டி உணவகத்துக்குள் போனதாகச் சொன்னார். எங்கள் நாட்டில் தனியாரிடம் செய்யும் பரிசோதனைக்கு அரசு கடந்த ஆகஸ்டில் விதித்த உச்சவிலை அன்டிஜனுக்கு 2,000 ரூபா, பி.சி.ஆருக்கு 6,500 ரூபா. ஊசி போடாதவர் பரிசோதனைச் சான்றோடு வரலாம் என்று விதியைத் தளர்த்தச் சொல்பவர்கள் இந்தத் தொகைகளைக் கூலிக்கு மிளகாய்ப் பழம் ஆயும் ஒரு பெண்ணின் நாட்கூலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலும், நாம் தொடங்கப் பார்க்கிற இந்த நேரத்தில் மற்றவர்கள் முடித்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்து ஜனவரி 27 அன்று அந்தக் கட்டாயத்தை நீக்கியது. டென்மார்க் பெப்ரவரி 1 அன்று நீக்கியது. எங்கள் உறவுகள் நிறைந்திருக்கும் ஒன்ராறியோ மாகாணம் மார்ச் 1 முதல் நீக்கப்போவதாக அறிவித்திருக்கிறது.

எங்கள் நாட்டுக்கு இதைவிட நல்ல ஒரு வழி தெரியும், வன்னி அதைக் கண்ணால் கண்டிருக்கிறது. தொண்ணூறுகளில், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களுக்காக இரு தரப்பும் துப்பாக்கிகளைத் தாழ்த்தின. என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்து மாமரத்தின் கீழ் வைத்துக் குடும்பநல மாது சொட்டு விட்டது நினைவிருக்கிறது. சொட்டு வாங்காத பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை, அந்தப் பிள்ளையின் வீட்டைத் தேடி அந்த மாதுதான் துவிச்சக்கரவண்டியில் போனார். 1993க்குப் பிறகு இலங்கையில் போலியோ நோயாளி ஒருவரும் பதிவாகவில்லை. மலேரியாவும் அப்படித்தான் போனது. வன்னிக் காய்ச்சல் என்றாலே மலேரியா என்றிருந்த ஊர்கள் எங்களுடையவை. மலேரியாத் தடுப்பு உத்தியோகத்தர்கள் வயலுக்கும் வாடிக்கும் வந்து, விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவும் ஒரு பரிசோதனைதான், அது எங்களைத் தேடி வந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அதே வழியை இப்போதும் கேட்கிறேன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு வாகனமும் எரிபொருளும் கொடுத்து, கிராமம் கிராமமாக நடமாடும் தடுப்பூசிச் சேவையை அரிவுவெட்டு முடிவதற்கு முன்பே அறிவிக்க வேண்டும். ஊசி போடுபவர் மக்கள் முகம் பழகிய குடும்பநல மாதுவாக இருக்கட்டும், சீருடை அணிந்த எவரும் அந்த இடத்தில் நிற்க வேண்டாம். ஷெல் துண்டோடு இருப்பவருக்கு ஒரு வைத்தியர் பக்கத்தில் இருந்து பத்து நிமிடம் விளக்கினால் போதும். அன்று அந்த மனிதரின் பயத்துக்கு எங்களால் விடை சொல்ல முடியவில்லை. முதியோர் இல்லங்களிலும் நோயாளர் விடுதிகளிலும் வெளியிலிருந்து வருபவர்களைப் பரிசோதித்து உள்ளே விடுவதை நான் முழுமனதோடு ஏற்கிறேன், அங்கே கிடப்பவர்கள் எழுந்து விலகிப்போக முடியாதவர்கள். அந்தப் பரிசோதனை இலவசமாக இருக்க வேண்டும். கல்யாண மண்டபம், தேநீர்க்கடை, சலூன், கோயில் வீதி ஆகியவற்றில் முகக்கவசமும் திறந்த யன்னல்களும் ஆட்களின் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் போதும்.

எங்கள் நிர்வாகசபை கடந்த ஞாயிறு மறுபடி கூடி, முதலில் எடுத்த தீர்மானத்தை மீளப்பெற்றது. வேப்பமரத்தடியில் இருந்த அந்தத் தாயை மணமகனின் தம்பி மறுவாரமே மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய் இரண்டாவது ஊசியை ஏற்றுவித்தார். எங்கள் பிரிவில் இன்னும் மீதமிருப்பவர்களுக்காகச் சுகாதாரத் துறையினர் எந்த நாளைக் குறித்தாலும், மண்டபத்தையும் கதிரைகளையும் வாடகை இல்லாமல் தருவதாகவும் அன்று தீர்மானித்திருக்கிறோம். திறப்பு என்னிடம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கே கதவைத் திறந்துவைப்பேன்.

இங்ஙனம்,
பொதுநோக்கு மண்டபப் பொறுப்பாளர் ஒருவர்,
மல்லாவி.
2022 பெப்ரவரி 22